இரண்டாம் கிழமை ஏன் வருவதில்லை?

ஹெரோயினோ, ஐஸ் என்ற போதைப்பொருளோ, கசிப்புச் சாராயமோ, பழக்கத்தை விடுவதற்கென்று யாழ்ப்பாணத்தில் ஒரு பெடியன் கிளினிக்குக்கு வந்தால், பெரும்பாலும் தாய்தான் கூட்டி வந்திருப்பார். முதல் கிழமை வருவான். இரண்டாம் கிழமை ஆளைக் காணக் கிடைக்காது. "அவனுக்கு மனவுறுதி இல்லை" என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிடும். ஆனால் ஒருவர் சிகிச்சையில் நிற்பதும் விலகுவதும், அங்கே அவர் நடத்தப்படும் விதத்திலும் பெருமளவு தங்கியிருக்கிறது.

போதைப்பொருள் மூளையில் சுகத்தையும் ஆவலையும் கிளப்பும் டோபமின் பாதையைத் திரும்பத் திரும்பத் தூண்டி, பாவித்த சந்தி, கூடவிருந்த ஆட்கள், சம்பள நாள் எல்லாவற்றையும் ஆவலோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுகிறது. உடம்பின் நடுக்கமும் நோவும் பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமைகளில் தணிந்துவிடும். அந்த முடிச்சு தளர மாதங்கள் வேண்டும். அதனால்தான் மூன்று மாதத்துக்குக் குறைந்த சிகிச்சையில் பலன் குறைவு என்கிறார்கள்.

வருபவருக்குள் இரண்டு மனம் இருக்கிறது. "தம்பி, உன்ர வாழ்க்கையை நீயே நாசமாக்கிறாய்" என்று ஆலோசகர் ஒரு பக்கத்தைப் பிடித்தால், அவன் மற்றப் பக்கத்தைப் பிடிப்பான்: "அப்பிடி ஒண்டும் இல்லை, நினைச்சா நாளைக்கே விடுவன்." விடவேண்டிய காரணத்தை அவன் வாயாலேயே வரவைப்பதுதான் ஊக்க நேர்காணல். "விடவேணும் எண்டு உமக்கு எப்பெப்ப தோன்றுது?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இந்த முறையை 1983இல் முன்வைத்தவர் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர். குடிப்பழக்கம் உள்ளவர்களிடம் அவர் குழு செய்து 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எவ்வளவுக்கு எதிர்த்து வாதாடினாரோ, ஒரு வருடம் கழித்து அவ்வளவுக்கு அதிகமாகக் குடித்திருந்தார்கள். நம் ஊரில் அக்கறை பெரும்பாலும் ஏச்சாகத்தான் வெளிவருகிறது என்பதால், இந்த முடிவை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்.

அடுத்தது பரிசு. போதை தரும் சுகம் உடனே கிடைக்கும். விடுவதன் பலன் எப்போதோ வரும். இந்த இடைவெளியைச் சின்னப் பரிசுகளால் நிரப்பலாம் என்று அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் உளவியலாளர் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் காட்டினார். சிறுநீர்ப் பரிசோதனையில் கொக்கேய்ன் இல்லையென்றால் பொருள் வாங்க அப்போதே ஒரு வவுச்சர். 1994இல் வெளியான ஆய்வில், வவுச்சர் பெற்றவர்களில் 75 வீதமானோர் 24 கிழமைகளையும் முடித்தார்கள். ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 40 வீதம். 2000இல் இன்னொரு அமெரிக்க உளவியலாளர் நான்சி பெட்ரி, குடிப்பழக்கம் உள்ளவர்களுக்குச் சீட்டிழுப்பில் பரிசு கொடுத்தார். அதிலும் எட்டுக் கிழமை நின்றவர்கள் 84 வீதம். வழமையான சிகிச்சையில் 22 வீதம்தான்.

"விடுறதுக்குப் பரிசோ?" என்று கேட்பவர்கள் உண்டு. கிளினிக் நாளில் கூலி வேலைக்காரன் ஒருவன் ஒரு நாள் சம்பளத்தை இழக்கிறான். வரிசையில் நிற்கும்போது சொந்தக்காரர் கண்ணில் படுவோமோ என்ற பயம் வேறு. அவனுக்குப் பஸ் காசும் ஒரு ரீலோட்டும் கொடுப்பதில் எனக்குத் தவறு தெரியவில்லை.

பிறகு சறுக்கல். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த கூட்டாளியோடு ஒரு நாள் குடித்துவிட்டால், "எல்லாம் போச்சு, இனியென்ன" என்ற எண்ணம் வரும். அந்த ஒரு நாளைவிட இந்த எண்ணமே ஆளை முழுதாக இழுத்துவிடும் என்று உளவியலாளர் அலன் மார்லட் 1980களில் விளக்கினார். வெட்கத்தில் அவன் கிளினிக்கை விட்டு ஒளிப்பதும் அப்போதுதான். ஆகவே சறுக்கினால் என்ன செய்வது, முதலில் யாருக்குக் கோல் எடுப்பது என்பதை ஆரம்ப நாட்களிலேயே அவனோடு இருந்து எழுதிவைக்க வேண்டும். வராத நாளன்று கிளினிக்கிலிருந்தும் ஒரு கோல் போகவேண்டும்: "ஏன் வரேல்லை" என்ற விசாரணை வேண்டாம், "நாளைக்கு எத்தினை மணிக்கு வரேலும்?" என்று கேட்டாலே போதும்.