600 டாலர் கொடுத்துப் பின் டீயில் நிற்பவர்களுக்கு

கலிபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில் கோல்ஃப் பயிற்சியாளராக இருப்பவனிடம், கோடை முடிந்ததும் ஒரே வகைப் புலம்பல் வந்துசேரும். நண்பர்களோடு பெயர்பெற்ற மைதானம் ஒன்றுக்குப் போய், ஒரே ஒரு சுற்று ஆட்டத்துக்கு வீட்டு வாடகையில் கால் பங்கைக் கொடுத்துவிட்டுச் சோர்ந்து திரும்பியவர்களின் புலம்பல் அது. இம்முறை வந்தவர், ஆடத் தொடங்கி ஓராண்டுகூட நிறையாத மென்பொருள் பொறியாளர். அடிகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் அட்டையை அவர் காட்டினார்; அதில் ஏழாம் குழிக்குப் பிறகு எண்களே இல்லை. “பந்து தீர்ந்துபோச்சு சார்” என்றார். ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை அடிக்கும் இடம்தான் டீ; முன்னும் பின்னுமாகப் பல இருக்கும், பின்னால் உள்ளது நீலம், முன்னால் உள்ளது சிவப்பு என்பது வழக்கம். எந்த டீயிலிருந்து ஆடினீர்கள் என்று கேட்டேன். “நீல டீ சார். அவ்வளவு காசு கொடுத்துவிட்டு முன்னால் நின்று ஆடினால், பாதி மைதானத்தைத்தானே ஆடியதாகும்?” என்றார். இந்த வாக்கியத்தை இன்னும் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்க வேண்டியிருக்குமோ என்ற சலிப்பில்தான் இதை எழுதுகிறேன்.

விலை உயர்ந்த பொது மைதானங்களின் கிரீன் ஃபீ, அதாவது ஒரு சுற்று ஆடுவதற்கான கட்டணம், கொடுத்த பணத்துக்குத் தகுமா என்பது நியாயமான கேள்வி. ஆனால், அந்தப் பணம் எதற்கு என்று தெரிந்துகொள்ளாமலே பலர் அதைக் கட்டிவிடுகிறார்கள். கட்டணம் கூடினால் புல் நன்றாக இருக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. உண்மையில் கட்டணத்தை முடிவு செய்வது பெரும்பாலும் இடமும் பெயரும் கூட்டமும்தான். மான்டரே தீபகற்பத்தில் கடலையொட்டி 1919 முதல் இயங்கிவரும் பெப்பிள் பீச்சில் ஒரு சுற்றுக்கு இன்று 600 டாலருக்கு மேல் ஆகிறது. அமெரிக்காவின் பெரிய போட்டியான யு.எஸ். ஓப்பன் அங்கே நடந்திருக்கிறது என்பதற்காக அந்த விலை என்று சொல்பவர்கள் நியூயார்க்கின் பெத்பேஜ் பிளாக் மைதானத்தைப் பார்க்க வேண்டும். 2002இலும் 2009இலும் அங்கேயும் யு.எஸ். ஓப்பன் நடந்தது, 2025இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதும் ரைடர் கோப்பையும் நடந்தது. மாநிலப் பூங்கா ஒன்றுக்குள் இருக்கும் அந்த மைதானத்தில் நியூயார்க் மாநிலத்தவர் வாரநாளில் 100 டாலருக்கும் குறைவாகச் செலுத்தி ஆடுகிறார்கள்; வெளிமாநிலத்தவருக்கு ஏறத்தாழ இரு மடங்கு. குறைந்த விலைக்கு ஈடாக அங்கே வேறொன்றைக் கொடுக்க வேண்டும்: முன்பதிவு கிடைக்காதவர்கள் முதல்நாள் இரவே வந்து, வாகன நிறுத்துமிடத்தில் காருக்குள் உறங்கி வரிசையில் நிற்கிறார்கள். ஆட்டக்காரர்களை ஏற்றிச் செல்லும் சிறு வண்டியான கார்ட் கிடையாது, மேடும் பள்ளமுமாகப் பதினெட்டுக் குழிகளையும் நடந்தே கடக்க வேண்டும். முதல் டீக்கு அருகே, இது மிகக் கடினமான மைதானம், தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே பரிந்துரைக்கிறோம் என்று ஓர் எச்சரிக்கைப் பலகை தொங்குகிறது. அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கூட்டத்தில் பாதிப் பேர் அதைப் படித்து நடந்தால் என் போன்றவர்களுக்கு வேலை குறையும்.

எனவே பெப்பிள் பீச்சின் 600 டாலரில் நீங்கள் வாங்குவது கடலையும், வரலாற்றையும், எளிதில் கிடைக்காத ஒரு நேரத்தையும்தான். அவற்றுக்கு விலை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அங்கே டீயிலிருந்து ஏழாம் குழி சுமார் 105 கஜத் தொலைவுதான். பசிபிக் கடலுக்குள் நீண்டிருக்கும் பாறை முனையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கிரீன், அதாவது குழியைச் சுற்றிக் குட்டையாக வெட்டிய புல்தரை. காற்றில்லாத நாளில் வெட்ஜ் என்னும் குறுந்தொலைவு மட்டையின் ஓர் அடிக்குப் பணியும் அதே குழி, காற்று எழும் நாளில் தொழில்முறை ஆட்டக்காரரையே தயங்கி நிற்க வைக்கும். அடுத்த குழியில், செங்குத்தாகப் பிளந்திருக்கும் கடற்பாறைக்கு மேலாக இரண்டாம் அடியை அடிக்க வேண்டும். பணம் கொடுத்து வருபவர் மனத்தில் இருப்பது அந்த அடிதான். பின் டீயைத் தேர்ந்தெடுப்பவருக்கு அந்த அடியே வாய்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் எல்லாரும் தவறுகிறார்கள். 440 கஜக் குழி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொழில்முறை ஆட்டக்காரர், பந்தை மிகத் தொலைவு அனுப்பும் மட்டையான ட்ரைவரால் 290 கஜம் அடிக்கிறார். மீதி 150 கஜம். கையில் அதைவிடக் குறைந்த தொலைவுக்கான மட்டையான ஒன்பதாம் அயர்னை எடுத்து, குழியில் நட்ட கொடியின் இடமா வலமா, கிரீனுக்கு முன்னுள்ள மணற்பள்ளமான பங்கரைத் தாண்டுவதா வேண்டாமா என்று எண்ணிப் பார்க்கிறார். மைதானத்தை வடிவமைத்தவர் உருவாக்கிய கேள்வி அதுதான்; பங்கர்கள், கிரீனின் சரிவு, அதன் முன் உள்ள பள்ளம் எல்லாம் அந்தக் கேள்வியை ஒட்டியே அமைந்தவை. நம் வாரக்கடைசி ஆட்டக்காரர் அதே இடத்தில் நின்று, அவர் வாழ்நாளின் நல்ல அடிகளுள் ஒன்றை அடித்து, 200 கஜம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மீதி 240 கஜம். அந்தத் தொலைவுக்கு அவர் பையில் கருவியே இல்லை. இரண்டாம் அடி வெறும் பயணம். மூன்றாம் அடி இன்னொரு பயணம். வடிவமைத்தவர் கேட்ட கேள்வி அவரை வந்தடைவதே இல்லை. இப்போது அவர் 350 கஜ முன் டீயில் நிற்கட்டும். அதே 200 கஜ அடிக்குப் பின் மீதி 150 கஜம். தொழில்முறை ஆட்டக்காரர் நின்ற இடத்தில், அவர் பார்த்த கிரீனைப் பார்த்து, அவர் எண்ணியதையே எண்ணிக்கொண்டு நிற்கிறார். இவ்விருவரில் முழு மைதானத்தையும் ஆடியவர் யார்? பின் டீயில் நின்றவர் கூடுதலாகப் பெற்றது, டீக்கும் ஃபேர்வே என்னும் வெட்டிய புல்வெளிக்கும் இடையே முழங்காலளவு வளர்ந்த புல்லில் பந்து தேடும் உரிமை ஒன்றைத்தான்.

சிவப்பு டீ பெண்களுக்கானது என்ற எண்ணம் இதன் அடியில் கிடக்கிறது. வெளியில் சொல்லமாட்டார்கள், முகத்தில் தெரியும். டீ என்பது அடிக்கும் தொலைவுக்கு ஏற்ப அமைந்த ஒன்று. ஆட்டக்காரரின் திறனை எண்ணாக மதிப்பிட 2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில் ஒரே டீக்கு ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி மதிப்பீடு இடம்பெறுவது இதனால்தான். அமெரிக்க கோல்ஃப் சங்கமும் தொழில்முறைப் பயிற்சியாளர்களின் பி.ஜி.ஏ. அமைப்பும் 2011இலேயே ‘முன்னே வந்து ஆடுங்கள்’ என்ற இயக்கத்தைத் தொடங்கின. ட்ரைவரால் 200 கஜம் அடிப்பவர் ஏறத்தாழ 5,200 முதல் 5,400 கஜம் வரையிலான மைதானத்தில் ஆட வேண்டும் என்பது அவர்கள் தந்த வழிகாட்டல். பயிற்சியாளர்களாகிய நாங்கள் இன்னும் எளிய கணக்கு ஒன்று வைத்திருக்கிறோம்: உங்கள் ஐந்தாம் அயர்ன் போகும் தொலைவை 36ஆல் பெருக்குங்கள். 140 கஜம் அடிப்பவருக்கு 5,040 கஜம். உங்கள் கனவில் போகும் தொலைவை அல்ல, பயிற்சித் திடலில் உண்மையாகப் போகும் தொலைவைப் பெருக்க வேண்டும். பெப்பிள் பீச்சின் முன் டீக்களும் 5,200 கஜத்தை ஒட்டியே வருகின்றன. கடல் அங்கிருந்தும் நன்றாகவே தெரியும்.

இனி, எந்த நாளில் ஆடுவது என்பதைப் பற்றி. மற்றொருவர் கைபேசியில் எனக்கு ஒரு படத்தைக் காட்டினார். பெயர்பெற்ற ரிசார்ட் மைதானம் ஒன்றின் கிரீன், விரல் நுழையும் துளைகள் வரிசை வரிசையாகக் குத்தப்பட்டு, மேலே மணல் தூவப்பட்டிருந்தது. கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் அவருடைய பட்டிங் அடிகள் எல்லாம் தத்தித் தத்திப் போயிருக்கின்றன. முழுக் கட்டணமும் வாங்கியிருக்கிறார்கள். குறைத்துக் கேட்க வேண்டும் என்றே இவருக்குத் தோன்றவில்லை. மண்ணுக்குக் காற்று போக எல்லா மைதானங்களும் அவ்வப்போது இப்படித் துளையிட்டாக வேண்டும், பெரும்பாலும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும். செய்யாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ஆனால் அதற்குப் பின் இரண்டு வாரங்களுக்கு அந்தக் கிரீன்கள் உங்கள் பணத்துக்குத் தகுந்தவை அல்ல. முன்பதிவு செய்யும் முன் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கடைசியாக எப்போது துளையிட்டீர்கள், அடுத்து எப்போது? நேர்மையான மைதானம் உடனே சொல்லும். தயங்கினால் வேறு வாரம் பாருங்கள்.

அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் பக்கம் ஆடப் போகிறவர்கள் இதைவிடப் பெரிய வேடிக்கையைக் காணலாம். அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை கட்டணம் உச்சத்தில் நிற்கும். ஜூலையில் அதே மைதானம் அதில் ஒரு பகுதிக்குக் கிடைக்கும். அங்கே இயல்பாக வளரும் பெர்முடா புல் கோடையில்தான் செழிக்கும். குளிர்காலத்தில் அது பழுத்து உறங்கிவிடும், அதன்மேல் ரை புல் விதைத்துப் பச்சையாக்குகிறார்கள். அதாவது, நீங்கள் கொடுக்கும் கூடுதல் தொகை உங்கள் உடலுக்கு இதமான வெயிலுக்கானது. நாற்பது பாகை வெயிலில் ஆடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்பதை அறிந்து கொடுங்கள் என்கிறேன். விதைப்பு நடக்கும் அக்டோபரை ஒட்டிய வாரங்களில் மட்டும் அங்கே போகாதீர்கள். மைதானம் மூடியிருக்கும், அல்லது கார்ட்டைப் பாதையைவிட்டு இறக்க விடமாட்டார்கள்.

கட்டணத்தைத் தவிர்த்த செலவுகளை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. பெப்பிள் பீச்சில் முன்கூட்டியே நேரம் பிடிக்க வேண்டுமானால் அவர்களுடைய விடுதியில் இரண்டு இரவுகளாவது தங்க வேண்டும். ஓர் இரவு ஆயிரம் டாலரை ஒட்டி வரும். பையைச் சுமந்து வழிகாட்டும் உதவியாளரான கேடிக்கான கட்டணம் தனி, அவர் கையில் தரும் தொகை தனி. ஆனால் மற்ற எதைச் சுருக்கினாலும் கேடியைச் சுருக்காதீர்கள் என்பதே என் அறிவுரை. அந்தச் சிறிய கிரீன்கள் கண்ணுக்கு ஒரு பக்கம் சாய்வதாகத் தோன்றி, பந்தை மறுபக்கம் இழுத்துச் செல்லும். ஆண்டுக்கணக்கில் அங்கே நடந்தவர் சொன்னால்தான் புரியும். கேடி சொல்லும் டீயில் நின்று ஆடுங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். முதல் அடியைப் பார்த்ததுமே அவருக்கு உங்களைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும். மரியாதைக்காக வாய் திறக்கமாட்டார்.

என்னைக் கேட்டால், வாழ்வில் ஒருமுறை பெப்பிள் பீச்சுக்குக் கொடுக்கலாம். பந்தை ஓரளவு நேராக அனுப்பவும் நூறு அடிகளை ஒட்டி ஒரு சுற்றை முடிக்கவும் தெரிந்த பிறகு. போகும் காலம் செப்டம்பர், அக்டோபராக இருக்கட்டும். கோடையில் மான்டரேயில் மூடுபனி இறங்கினால் கடல் இருக்கும் திசைகூடத் தெரியாது. பணம் உண்மையாக வீணாகும் இடம் பெப்பிள் பீச் அல்ல, அதைப் போலவே நடந்துகொள்ளும் 250, 300 டாலர் மைதானங்கள்தாம். வாசலில் பையை வாங்கிக்கொள்ளச் சீருடையில் இருவர், கார்ட்டில் தொடுதிரை, பதினெட்டாம் குழியில் செயற்கை அருவி. குழிகளோ இருபுறமும் வீடுகளுக்கு நடுவே ஒன்றைப்போல் ஒன்றாகப் போகும். அருவிக்கு ஆகும் மின்கட்டணத்தை நீங்கள்தான் கட்டுகிறீர்கள். எட்டு நிமிட இடைவெளியில் குழுக்களை அனுப்பிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு டீயிலும் இரண்டு குழுக்கள் காத்து நிற்கும். சுற்று முடிய ஐந்தரை மணிநேரம் ஆகும். முன்பதிவின்போது இடைவெளி எத்தனை நிமிடம் என்றும் கேளுங்கள். பத்துக்குக் குறைவென்றால் யோசியுங்கள்.

இந்த வட்டாரத்தில் இருப்பவர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது, முதலில் பசிஃபிகாவில் உள்ள ஷார்ப் பார்க்கில் ஆடுங்கள் என்பதுதான். சான்பிரான்சிஸ்கோ மாநகராட்சிக்குச் சொந்தமான அந்த மைதானத்தை 1932இல் அமைத்தவர் அலிஸ்டர் மெக்கன்சி. அகஸ்டா நேஷனல், சைப்ரஸ் பாயிண்ட் ஆகிய புகழ்பெற்ற மைதானங்களை வடிவமைத்த அதே மனிதர். கிரீன்கள் வேகமாக இருக்காது, பங்கர் மணல் ஒரே சீராக இருக்காது, கடற்கரையை ஒட்டிய பழைய குழிகள் சில இன்று இல்லை. ஆயினும் அந்தக் கையின் சிந்தனை இன்னும் அங்கே இருக்கிறது, சாதாரணக் கட்டணத்துக்கு. அடுத்து, பெப்பிள் பீச்சிலிருந்து சில மைல் தொலைவில் பசிஃபிக் குரோவ் நகராட்சி மைதானம். அதன் பின்பாதி ஒன்பது குழிகளை 1960இல் அமைத்தவர், பெப்பிள் பீச்சை வடிவமைத்த இருவரில் ஒருவரான ஜாக் நெவில். அதே கடல், அதே காற்று, மணல்மேடுகளுக்கு நடுவே ஒரு பழைய கலங்கரை விளக்கம். சான்டியாகோவின் டோரி பைன்ஸ் போன்ற மாநகராட்சி மைதானங்களில் உள்ளூர்வாசிகளுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் கட்டணம் பன்மடங்கு வேறுபடும். அங்கே உறவினர் இருந்து அவரோடு ஆடப்போனாலும் உங்களுக்கு வெளியூர்க் கட்டணம்தான் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

போவதென்று முடிவாகிவிட்டால், புதிதாக வாங்கிய ட்ரைவரை அங்கே கொண்டுபோய் முதன்முறை அடிக்காதீர்கள். புதுக் காலணியும் வேண்டாம். டஜன் 50 டாலர் பந்தை வாங்கிக் கடலுக்குப் படைக்காதீர்கள். பாதி விலைப் பந்து உங்கள் வேகத்துக்குப் போதும். ஒரு குழிக்குக் குறித்திருக்கும் அடிகளைப் போல் இரு மடங்கு ஆகிவிட்டால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்ததற்கு நடங்கள். பின்னால் நிற்பவரும் அதே 600 டாலரைத்தான் கொடுத்திருக்கிறார். மழை வந்தால் பணம் திரும்புமா, எத்தனையாவது குழி வரை என்பதை எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விடுதியில் தங்காமல் பெப்பிள் பீச்சில் ஆட விரும்புபவர்கள், ஆட்டத்துக்கு முந்தைய நாள் தொலைபேசியில் கேட்டுப் பார்க்கலாம். நால்வராகக் கேட்டால் கிடைப்பது அரிது, தனியாளுக்குப் பல நேரம் கிடைத்துவிடும். இன்னும் மனம் தயங்குகிறது என்றால், பெப்பிள் பீச் வழியாகச் செல்லும் பதினேழு மைல் சாலையின் நுழைவுக் கட்டணமான பன்னிரண்டு டாலரைச் சற்று ஒட்டிய தொகையைக் கொடுத்துக் காரில் உள்ளே போங்கள். விடுதியின் பின்புறம் வரை நடந்து, பதினெட்டாம் கிரீனை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அங்கே அரைமணி நின்று, வந்து சேரும் குழுக்களின் முகங்களையும் பார்த்துவிட்டு, அதன்பிறகு முன்பதிவு செய்யுங்கள்.