இளவேனில்: வசந்தத்துக்கு நம் ஊர்ப் பெயர்

மாசி பாதி கடந்தால் எங்கள் வாசலில் ஒரு புலம்பல் வழக்கமாகக் கேட்கும். எதிர்வீட்டு வேப்பமரம் உதிர்க்கிற இலையெல்லாம் காற்றில் எங்கள் பக்கம்தான் வந்து குவியும். “விடிய கூட்டினேன். பத்து மணிக்குப் பாரு, விளக்குமாறே படாத மாதிரி கெடக்கு” என்பார் அம்மா. இந்த வருடம் அந்தப் புலம்பலுக்கு நடுவே, நாலாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகள் கேட்டாள்: “அத்தை, இதுதான் இலையுதிர்காலமா? எங்க புக்குல செப்டம்பர்னு போட்டிருக்கே?”

“இல்லடி, இது வசந்தம் வர்றதுக்கு அடையாளம்” என்றேன். அவள் சருகுக் குவியலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வசந்தம் என்றால் அவள் புத்தகத்தில் பனி உருகி, புல் முளைத்து, பட்டாம்பூச்சி பறக்கும் படம். இங்கே அவள் பாட்டி முறத்தில் குப்பை அள்ளிக்கொண்டிருக்கிறார்.

அவள் மேல் தப்பில்லை. ஐரோப்பாவில் இலை ஒரு பருவத்தில் உதிர்கிறது. நாலைந்து மாதம் மரம் மொட்டையாக நிற்கிறது. பிறகு இன்னொரு பருவத்தில் துளிர்க்கிறது. அதனால் அங்கே அவற்றுக்குத் தனித்தனிப் பெயர். நம் ஊர் வேம்பிலும் புங்கிலும் அரசிலும் உதிர்வதும் துளிர்ப்பதும் ஒரே சில வாரங்களுக்குள் முடிந்துவிடும். ஒரு கிளையில் பழுத்த இலை விழும்போதே பக்கத்துக் கிளையில் செம்பு நிறத்தில் தளிர் நீட்டிக்கொண்டிருக்கும். பாடநூல் ‘இலையுதிர்காலம்’ என்று சொல்லும் அக்டோபரில் இங்கே மழை. வேம்பு பச்சைப்பசேலென்று நனைந்துகொண்டு நிற்கும். இறக்குமதியான படத்துக்கு நம் சொல்லை ஒட்டினால் இப்படித்தான் குழந்தை குழம்பும்.

சொல்லுக்கு வருவோம். ‘வசந்தம்’ வடசொல், ‘வசந்த’ என்பதன் தமிழ் வடிவம். அதற்கு உலகெங்கும் தாயாதிகள் உண்டு. லத்தீனில் ‘வேர்’, ரஷ்ய மொழியில் ‘வெஸ்னா’, பாரசீகத்தில் ‘பஹார்’, எல்லாம் ஒரே பழைய இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தவை. பழைய இந்திப் பாட்டுகளில் ‘வசந்த்’தும் ‘பஹாரு’ம் மாறி மாறி வருமே, அவை இரண்டும் பிரிந்துபோய்த் திரும்பச் சந்தித்த பங்காளிகள். விடியலைக் குறிக்கும் ‘உஷஸ்’ஸோடும் ஒளிர்தல் என்ற பொருளோடும் இந்த வேரைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. அப்படிப் பார்த்தால் வசந்தம் என்பது ஆண்டின் விடியல்.

ஆங்கிலத்தில் இந்தப் பருவத்தின் பெயரான ‘ஸ்பிரிங்’ துள்ளி எழுவதைக் குறிக்கும் சொல். இலை மண்ணிலிருந்தும் கிளையிலிருந்தும் துள்ளி வெளிவரும் காலம். அதற்கும் முன்னால் அவர்கள் வேறொரு சொல்லை வைத்திருந்தார்கள்: ‘லெங்க்டென்’. பகல் நீள்வது என்று பொருள். கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு இன்றும் வழங்கும் ‘லென்ட்’ என்ற பெயர் அதன் மிச்சம். லண்டனில் டிசம்பர் பகல் 8 மணி நேரத்தைத் தொடாது. ஜூன் பகல் 16½ மணி நேரம். அங்கே பகல் நீள்வது கண்ணை உறுத்தும் மாற்றம். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அதைப் பார்த்து யாரும் பருவத்துக்குப் பெயர் வைக்க மாட்டார்கள்.

தமிழர் பெயர் வைத்தது சூட்டைப் பார்த்து. வே, வேகு, வெந்நீர், வெயில், வெம்மை என்ற குடும்பத்தில் பிறந்தது ‘வேனில்’. மலையாளத்தில் ‘வேனல்’, கன்னடத்தில் ‘பேசிகெ’, தெலுங்கில் ‘வேசவி’ என்று கோடைக்கு வழங்கும் சொற்கள் இதற்கு உறவு. இலக்கியத்தில் மட்டும் வாழும் சொல் என்று நினைக்க வேண்டாம். சித்திரையில் பிள்ளைகள் முதுகில் கிளம்புமே ‘வேனக்கட்டி’, அது வேனற்கட்டிதான்.

‘இள’ என்ற முன்னொட்டை விளக்க அடுப்படியே போதும். குழந்தைக்குக் குளிக்க ஊற்றும் தண்ணீர் இளஞ்சூடாக இருக்க வேண்டும் என்கிறோம். சூடு ஏறத் தொடங்கிவிட்டது, இன்னும் சுடவில்லை. ஆண்டு அந்தப் பதத்துக்கு வரும் வேளைதான் இளவேனில். சூடு முற்றினால் முதுவேனில். இளநீர் முற்றித் தேங்காய் ஆவதுபோல ஒரே பொருளின் இரண்டு பருவம். இதில் பூவும் இல்லை, பனியும் இல்லை. நேர்மையான பெயர் என்று எனக்குப் படுகிறது.

எழுத்து விஷயத்தில் ஒரு வார்த்தை. ‘இளவேணில்’ என்று மூன்றுசுழி ண போட்டுப் பத்திரிகைத் தலைப்பிலேயே பார்த்திருக்கிறேன். தவறு. இரண்டுசுழி ன-தான். காலத்தோடு சேரும்போது லகரம் றகரமாகி ‘இளவேனிற்காலம்’ ஆகும். நம்பிக்கையாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவனின் பெயரை நினைத்துக்கொள்ளுங்கள்.

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற ஆறு பெரும்பொழுதில் இளவேனிலுக்குச் சித்திரையும் வைகாசியும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். அங்கேதான் எனக்குச் சின்ன வயதிலிருந்தே இடறும். சித்திரைக் கடைசியில் கத்திரி வெயில் தொடங்கி வைகாசி வரை நீள்கிறது. ஆண்டிலேயே மண்டை பிளக்கும் அந்த நாட்களையா ‘இளம்’ வேனில் என்றார்கள்?

ஒரு காரணம் வானத்தில் இருக்கிறது. நம் சித்திரை முதல் நாள், சூரியன் மேட ராசியில் நுழையும் கணக்கில் ஏப்ரல் 14-ஐ ஒட்டி வருகிறது. பகலும் இரவும் சமமாகும் நாளோ மார்ச் 20-ஐ ஒட்டி. பூமியின் அச்சு பம்பரம்போல மெல்லத் தள்ளாடுவதால் இந்த இரண்டும் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகிக்கொண்டே வந்திருக்கின்றன. சுமார் 1,500 – 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே வேளையில் விழுந்தன. அன்றைய சித்திரை, இன்றைய நாள்காட்டியில் பங்குனி முதல் வாரத்திலேயே பிறந்திருக்கும். மாதத்தின் பெயர் நகர்ந்துவிட்டது; மரம் நகரவில்லை. அதனால் இளவேனிலின் முதல் அடையாளங்களைப் பார்க்கச் சித்திரைவரை காத்திருக்கக் கூடாது. மாசி நடுவிலேயே கண்ணைத் திறந்துவைக்க வேண்டும். ‘சிவராத்திரியோடு பனி சிவசிவான்னு போயிரும்’ என்று பெரியவர்கள் சொல்வது இந்தக் கணக்கோடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

அடையாளம் பார்ப்பதில் நமக்கு முன்னோடி ஒரு சங்கத் தலைவி. ஐங்குறுநூற்றில் ‘இளவேனிற்பத்து’ என்றே ஒரு பகுதி உண்டு, ஓதலாந்தையார் பாடியது. பத்துப் பாட்டும் ஒரே அடியில் தொடங்கும்: “அவரோ வாரார் தான்வந் தன்றே.” அவர் வரவில்லை, அது வந்துவிட்டது. இளவேனிலுக்குள் திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. அவள் கையில் நாள்காட்டி இல்லை. தோப்பைப் பார்த்துத் தவணை தவறியதை ஒவ்வொன்றாகக் குறிக்கிறாள். குயில் கூவியாயிற்று. நுணா மணக்கிறது. கோங்கின் கொழுத்த மொட்டு உடைகிறது. குரவம் யாரும் செய்யாத பாவையைப் பெற்றிருக்கிறது. அந்தப் பூவின் வடிவம் பொம்மை போல இருப்பதால் அப்படிச் சொன்னார்கள். மாங்கிளை தீ நிறத்தில் தளிர்க்கிறது. வேப்பம்பூ உதிர்கிறது. பத்துப் பாட்டிலும் மாதப் பெயர் ஒன்றுகூட இல்லை.

அதில் புங்கம்பூவை ‘பொரிப்பூம் புன்கு’ என்கிறார். புங்கமரத்தடியில் ஒருமுறை நின்றவருக்கு அந்தப் ‘பொரி’ புரியும். பூ கிளையில் இருக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. விடிந்ததும் பார்த்தால் மரத்தைச் சுற்றித் தரையில் யாரோ அரிசிப்பொரியைக் கொட்டிவிட்டுப் போனது மாதிரி கிடக்கும். நடந்தால் செருப்படியில் நசுங்கும். அதற்குச் சில வாரம் முன்பே இன்னொரு காட்சி உண்டு. பங்குனித் தொடக்கத்தில் புங்கு மொத்த இலையையும் கொட்டிவிட்டு, ஒரு வாரத்துக்குள் எண்ணெய் தடவியது போன்ற இளம்பச்சையில் திரும்ப நிற்கும். தெருவில் அந்தப் பச்சை மட்டும் தனியாக எரியும்.

குயில் பற்றி ஒரு திருத்தம், மரியாதையோடுதான். முதல் பாட்டில் கூவுவது குயிற்பெடை. உண்மையில் ‘குக்கூ’ என்று படிப்படியாக ஏறிக்கொண்டே போகும் அந்தக் கூவல் ஆணுடையது. கரிய உடல், சிவந்த கண். புள்ளி போட்ட பழுப்புப் பெடை ‘கிக்கிக்கிக்’ என்று அவசரமாகக் கத்தும். இன்னொரு பாட்டில் ‘செங்கண் இருங்குயில்’ என்று வருகிறது, அது கச்சிதம். குயில் பனிக்காலத்தில் எங்கும் போய்விடுவதில்லை; நம் மரங்களிலேயே வாய்மூடி இருக்கிறது. காக்கை கூடு கட்டும் காலம் நெருங்க நெருங்கத்தான் அதற்குத் தொண்டை திறக்கும். முட்டையை அங்கேதானே இட வேண்டும்.

குயிலுக்கு முன்பே தகவல் சொல்லும் பறவை ஒன்று உண்டு: செம்மார்புக் குக்குறுவான். சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிது, பச்சை உடம்பு, நெற்றியில் குங்குமம் வைத்தது மாதிரி சிவப்பு. பட்ட கிளையின் உச்சியில் உட்கார்ந்து, செம்புப் பாத்திரம் தட்டுபவர் மாதிரி ‘டொக், டொக், டொக்’ என்று ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். வெயில் ஏற ஏற அது இடைவிடாமல் கேட்கும். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் ஊதாத் தேன்சிட்டைக் கவனிக்கலாம். பனிக்காலத்தில் தொண்டையில் ஒற்றைக் கருங்கோட்டோடு மங்கலாகத் திரிந்த ஆண், திட்டுத்திட்டாக நிறம் மாறி முழு ஊதாவுக்கு வரும். பாதி மாறிய நிலையில் பார்த்தால் மை கொட்டிய சட்டை மாதிரி பரிதாபமாக இருக்கும். ஆறுமணிக் குருவியும் தகைவிலானும் வடக்கே கிளம்புவதும் ஏறத்தாழ இந்த நாட்களில்தான். சிலர் வருவதால் பருவம் தெரிகிறது, சிலர் போவதால்.

மரங்களில் முந்திக்கொள்பவை இலையில்லாமல் பூப்பவை. இலவு, கல்யாண முருங்கை, புரசு மூன்றும் சிவப்பு, கோங்கு மஞ்சள். மண் காய்ந்துகொண்டிருக்கும் நேரத்தில், மழைக்காகக் காத்திராமல் பூத்துவிடுகின்றன. இதில் கணக்கு இருக்கிறது. இப்போது பூக்கும் வேம்பு ஆனி, ஆடியில் பழுக்கும். அதன் விதை நெடுநாள் உயிர் தாங்காது. மழைக்கு முன்னால் மண்ணில் விழுந்தாக வேண்டும்.

காற்றையும் சேர்க்க வேண்டும். வடக்கிலிருந்து வரும் வாடை ஓய்ந்து தெற்கிலிருந்து தென்றல் திரும்புவதே இளவேனிலின் முத்திரை. சிலப்பதிகாரத்தின் வேனிற்காதை, இளவேனில் வந்துவிட்டான் என்று அறிவிக்கும் தூதனாகப் பொதியில் மலைத் தென்றலையும், மன்மதனின் சேனைக்குக் கட்டளை கூவுபவனாகக் குயிலையும் நிறுத்துகிறது. பருவம் அங்கே ஓர் ஆள். ‘வந்தனன்’ என்றே சொல்கிறார் இளங்கோ.

அப்படியானால் ‘வசந்தம்’ வேண்டாமா? நான் அந்தக் கட்சி இல்லை. தமிழில் அது வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. மதுரையில் மீனாட்சி கோயிலுக்குக் கிழக்கே 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம் வசந்த உற்சவத்துக்கான மண்டபம். சுற்றித் தண்ணீர் தேக்கி, வைகாசி வெக்கையில் சுவாமியைக் குளிர்விக்கும் ஏற்பாடு. கோயில் மொழியில் வசந்தம் என்றால் வெயிலுக்கு நடுவே குளுமை. இலங்கையில் ஏப்ரல் மாத நுவரெலியாவுக்கு ‘வசந்தகாலம்’ என்றே பெயர். மட்டக்களப்பில் வசந்தன் கூத்து இருக்கிறது. அரசியலில் 1968-இன் பிராக் வசந்தம், 2011-இன் அரபு வசந்தம். ‘அரபு இளவேனில்’ என்று எழுதினால் வானிலை அறிக்கை மாதிரி ஆகிவிடும்.

என் வழக்கம் இது: பனி உருகும் நாடுகளுக்கும் உவமைக்கும் விழாவுக்கும் வசந்தம். நம் தெரு மரத்துக்கும் பறவைக்கும் இளவேனில். ‘இலைதுளிர்காலம்’ என்ற புதுச்சொல்லைச் சிலர் எழுதுகிறார்கள். நார்வேக்குப் பொருந்தும், நமக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது.

பங்குனிக் கடைசியில் எதிர்வீட்டு வேம்பு பூத்தது. அம்மா அப்பாவின் பழைய வேட்டியை வாசலில் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தார். விடியற்காலையில் வெள்ளைப் பூ பொடிப்பொடியாக வேட்டியில் படிந்திருக்கும். குச்சியும் எறும்பும் நீக்கி, மொட்டைமாடியில் காயவைத்து, டப்பாவில் அடைத்தால் வருடம் முழுக்க ரசத்துக்கு ஆகும். அண்ணன் மகள் உட்கார்ந்து குச்சி பொறுக்கினாள். சருகு விழுந்தபோது இருந்த புலம்பல் இப்போது இல்லையே என்று நான் கேட்கப் போனேன். அதற்குள் எதிர்வீட்டு அக்கா கிண்ணத்தோடு படியேறி வந்துவிட்டார்: “எங்க மரத்துப் பூ. பாதி குடுங்க.”