சளியை எடுத்தால் இளைப்பு நின்றுவிடாது

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து என் மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பொருளைச் சேர்த்தே கேட்பார்கள்: நீல பம்பு, அதாவது நீல இன்ஹேலர் ஒன்று, சளி மருந்து ஒரு போத்தல். போன வாரம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற தம்பி ஒருவர் வந்தார். போன மாதமும் அதே இரண்டையும் வாங்கியவர். ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நடுவில் நின்று மூச்சு வாங்கினார். அரசாங்க கிளினிக்கில் கொடுத்த இன்னொரு இன்ஹேலர் எங்கே என்று கேட்டேன். லோரிக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார். உள்ளே பழுப்பு நிற இன்ஹேலர் இரண்டு. ஒன்றின் பெட்டி இன்னும் திறக்கப்படவே இல்லை.

"அத அடிச்சா ஒண்ணும் தெரியலக்கா. ஸ்டீராய்டுன்னு வேற சொல்றாங்க. சளி வெளியாயிட்டா போதும், எளப்பு தன்னால நின்னுடும்."

இந்தக் கடைசி வாக்கியத்தை இன்னும் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்பது? ஐஸ் தண்ணீர் குடித்ததால், வாழைப்பழம் தின்றதால், பனியில் நின்றதால் சளி வந்து நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது, அதைக் கரைத்து வெளியே தள்ளிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆஸ்துமாவில், அதாவது இந்த இளைப்பு நோயில், சளி வெளியிலிருந்து வருவதில்லை. உங்கள் மூச்சுக்குழாயின் சுவரே அதைச் சுரக்கிறது. சுவர் மாறிப் போயிருக்கும்வரை சுரந்துகொண்டேதான் இருக்கும்.

நல்ல மூச்சுக்குழாயிலும் சளி உண்டு, அது வேண்டும். உள்சுவரில் நுண்மயிர் கொண்ட செல்கள் நிறைந்திருக்கும். இடையிடையே சளி சுரக்கும் கோப்பை வடிவச் செல்கள் இருக்கும். தூசியைப் பிடித்த மெல்லிய சளியை நுண்மயிர்கள் மேலே தள்ளிவிடும், நாமும் தெரியாமலே விழுங்கிவிடுவோம். ஆஸ்துமாவில் அந்தச் சுவர் ஓயாமல் வீங்கிச் சிவந்து அழற்சியில் கிடக்கிறது. அழற்சியின்போது உடலே சுரக்கும் இன்டர்லூக்கின்-13 போன்ற பொருட்களின் தூண்டுதலால் கோப்பைச் செல்கள் பெருகுகின்றன, நுண்மயிர்ச் செல்கள் குறைகின்றன, அடியிலிருக்கும் சளிச் சுரப்பிகளும் பெருத்துப் போகின்றன. சுரக்கிற சளியும் பழைய சளி இல்லை. எம்யூசி5ஏசி என்ற புரதம் அதில் கூடிவிடுகிறது. அது சுரந்த செல்லை விட்டு எளிதில் பிரியாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். விடிய விடிய இருமியும் நூல் மாதிரி ஒரு துளிதான் வந்தது என்று சொல்கிறீர்களே, காரணம் இதுதான். அப்படிச் சுருண்டு வரும் சளி இழைகளை ஜெர்மன் மருத்துவர் கூர்ஷ்மான் 19ஆம் நூற்றாண்டிலேயே விவரித்திருக்கிறார். ஆஸ்துமாவால் இறந்தவர்களின் நுரையீரலைத் திறந்து பார்த்தபோது, சிறு குழாய்கள் பலவும் இறுகிய சளியால் அடைபட்டுக் கிடந்தன.

போத்தலில் விற்கும் சளி மருந்து அந்தச் செல்களை ஒன்றும் செய்யாது. நீல இன்ஹேலர் தசையைத் தளர்த்திக் குழாயைக் கொஞ்ச நேரம் விரித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். கிளினிக்கில் கேஸ் (நெபுலைசர் வழியாக மூச்சில் இழுக்கும் மருந்து) வைத்ததும் சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். சுவரின் அழற்சியைத் தணித்து, செல்களைப் பழைய ஒழுங்குக்குத் திருப்ப முயல்வது அந்தப் பழுப்பு இன்ஹேலர். அடித்த உடனே ஒன்றும் தெரியாதுதான். தெரிய நாட்களும் வாரங்களும் ஆகும், முழுப் பலனுக்கு மாதங்கள் ஆகும். நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தினால் அழற்சி திரும்பிவிடும்.

ஸ்டீராய்டு பயமா? அந்தப் பழுப்பு இன்ஹேலரில் இருக்கும் ஸ்டீராய்டான பியூடெசொனைட் ஓர் இழுப்பில் பொதுவாக 200 மைக்ரோகிராம், அதாவது 0.2 மில்லிகிராம், அதுவும் நேரே நுரையீரலுக்குப் போகிறது. இதைத் தவிர்த்தவர்கள்தான் இளைப்பு முற்றி, நாளுக்கு 40 மில்லிகிராம் வரை ப்ரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கவேண்டிய நிலைக்கு வருகிறார்கள். பயப்படுவதென்றால் அதற்குப் பயப்படுங்கள். இன்ஹேலரால் குரல் கம்மலாம், வாயில் வெள்ளை படியலாம். அடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் போதும்.

நீல இன்ஹேலரை மட்டும் நம்பிச் சிகிச்சை நடத்த வேண்டாம் என்று உலக ஆஸ்துமா வழிகாட்டி அமைப்பான ஜீனா 2019இலேயே சொல்லிவிட்டது. ஒரு குப்பியில் 200 இழுப்பு. வருடத்துக்கு 3 குப்பியோ அதற்கு மேலோ தேவைப்பட்டால் கடும் இளைப்பு வரும் ஆபத்து கூடுகிறது. 12 ஆனால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. மாதம் ஒன்று வாங்குகிறவர் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான் விற்க மறுத்தால் பக்கத்துக் கடையில் கிடைக்கும், தெரியும். அதனால்தான் கெஞ்சுகிறேன்: அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட்தான், போய்க் காட்டுங்கள்.

மஞ்சள் சளி என்றதும் ஆண்டிபயாடிக் கேட்காதீர்கள். அழற்சிச் செல்களாலேயே அந்த நிறம் வரும். காய்ச்சலும் இருந்தால் டாக்டரைப் பாருங்கள்.

இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டும் குழாயான ஸ்பேசர் இல்லாமல் பிள்ளைகளுக்கு அடிக்காதீர்கள், மருந்தின் பெரும்பகுதி தொண்டையிலேயே தங்கிவிடும். வாங்க முடியவில்லையா, 500 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் இன்ஹேலரின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்கு ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவில் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில் இப்படிச் செய்த போத்தல் கடை ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்தது. அப்புறம், பிள்ளை படுக்கும் அறையில் கொசுவர்த்தி வேண்டாம், கதவைச் சாத்திக்கொண்டு சாம்பிராணி போடவேண்டாம். அப்பா சிகரெட்டை வாசலில் பிடித்தாலும் புகை உள்ளே வரும். புகைமூட்ட நாட்களில் திடலுக்கு அனுப்பாதீர்கள்.

பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, விலா இடுக்கு உள்ளே இழுக்கிறது, நீல இன்ஹேலர் அடித்தும் அடங்கவில்லை என்றால் நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டு விடியலுக்குக் காத்திருக்காதீர்கள். 999ஐ அழையுங்கள். நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பேசர் வழியாக நீல இன்ஹேலரை ஒவ்வொரு இழுப்பாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். தோட்டம் உள்ளே தள்ளி இருந்து ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றால், இரவு 2 மணியானாலும் கார் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரைத் தட்டி எழுப்புங்கள்.