காற்று போன பக்கம் வெதுவெதுப்பு

சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்துத் தமிழர்களுக்குக் கோடை வந்தால் ஒரு சடங்கு உண்டு. சனிக்கிழமை விடியுமுன் எழுந்து, புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு, நாலு மணி நேரம் காரோட்டி டாஹோ ஏரிக்குப் போவது. மதுரையிலிருந்து வந்திருந்த அத்தையை ஒரு ஜூலையில் நாங்களும் அப்படித்தான் அழைத்துப் போனோம். படத்தைப் பார்த்து மயங்கி நான் தேர்ந்தெடுத்தது மேற்குக் கரையில் ஒரு மணல்திட்டு. வெயில் சுள்ளென்று அடித்தது, தண்ணீர் கண்ணாடியாய்க் கிடந்தது. சேலையை லேசாகத் தூக்கிக்கொண்டு கணுக்கால் வரை இறங்கிய அத்தை, போன வேகத்தில் திரும்பினார்.

"என்ன மாப்ளே, ஐஸ் வண்டியக் கவுத்துவிட்ட மாதிரில்ல இருக்கு!"

அதே நாள் எதிர்க்கரைக்குப் போன நண்பர் வீட்டில், பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து கரையேற்ற முடியவில்லையாம். இரண்டு கரைக்கும் நடுவே அதிகம் போனால் 19 கிலோமீட்டர்தான்.

ஊர்க் கிணற்றில் குதித்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். மேல்தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும், முங்கினால் கால் சில்லிடும். சூடான நீர் லேசு, அதனால் மிதக்கிறது. குளிர்ந்த நீர் கனம், அடியில் தங்குகிறது. டாஹோவும் ஒரு பெரிய கிணறுதான். கலிபோர்னியா, நெவாடா எல்லையில், கடல்மட்டத்திலிருந்து 1,897 மீட்டர் உயரத்தில் இருக்கும் அதன் ஆழம் 501 மீட்டர். ஆகஸ்டில் மேற்பரப்பு 20 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும். ஆழத்தில் எந்த மாதமானாலும் 5 டிகிரிதான். வெதுவெதுப்பு என்பது அந்தப் பெரும் குளிருக்கு மேல் படிந்த, சில பத்து மீட்டர்கூட முழுதாகத் தேறாத ஓர் ஆடை. பாலின் மேல் ஏடு மாதிரி.

ஏட்டை ஊதினால் என்ன ஆகும்? டம்ளரின் எதிர்விளிம்பில் போய்ச் சுருண்டுகொள்ளும். நம் பக்கம் பால் தெரியும். டாஹோவில் ஊதுவது மேற்கு, தென்மேற்குக் காற்று. கோடையில் மதியத்துக்கு மேல் அது வலுக்கும். ஒரு நாள், இரண்டு நாள் விடாமல் அடித்தால் சூடான மேல்நீரைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போய் நெவாடா கரையில் குவிக்கிறது. மேற்குக் கரையில் காலியான இடத்துக்கு அடியிலிருந்து குளிர்நீர் மேலேறி வருகிறது. ஒரே நாளில் அங்கே வெப்பநிலை பல டிகிரி இறங்கிவிடும். நாங்கள் போனதற்கு முந்தின நாள் பலத்த காற்று. அத்தை கால் வைத்தது அன்று காலை வரை ஆழத்தில் கிடந்த தண்ணீரில்.

இதில் ஏமாற்று வேலை ஒன்றும் இருக்கிறது. காற்று மலையிலிருந்து இறங்கி வருவதால் மேற்குக் கரை அதன் மறைவில் இருக்கிறது. அங்கே அலை இருக்காது, தண்ணீர் சாதுவாகத் தெரியும். கிழக்கே சாண்ட் ஹார்பரில் அலை மோதும், பார்த்தால் பயமாகவும் இருக்கும், ஆனால் தண்ணீர் இதம். கண்ணை நம்பினால் தப்பாகத்தான் தேர்ந்தெடுப்போம். காற்று ஓய்ந்த பிறகும் கணக்கு உடனே நேராகாது. குவிந்த சூடான நீர் மேற்கே சரிந்து, மறுபடி கிழக்கே சாய்ந்து, தொட்டிலாட்டம் சில நாள் ஆடும். ஆகவே வானிலைச் செயலியில் நாளைய வெயிலைவிட நேற்றைய காற்றைப் பாருங்கள்.

அடுத்தது தரை. தெற்கே போப், பால்ட்வின் கரைகளில், ஓடைகள் அடித்து வந்த கிரானைட் மணல் அகலமான திட்டாகப் படிந்திருக்கிறது. வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான், அதனால் வெயில் அடிவரை இறங்கிச் சூடாக்கும். வடக்கே கிங்ஸ் பீச்சும் ஆழமில்லாததுதான். சின்னப் பிள்ளைகள் இருந்தால் நான் இந்த இரண்டு பக்கத்தைத்தான் சொல்வேன். வடமேற்கில் எரிமலைப் பாறை. மணலுக்குப் பதில் கூழாங்கல், செருப்பில்லாமல் முடியாது. மணல் எவ்வளவு அகலம் என்பது அந்த ஆண்டின் பனியைப் பொறுத்தது. டாஹோ சிட்டியில் இருக்கும் சின்ன அணை ஏரியின் மேல்மட்டத்தில் ஏறக்குறைய 1.9 மீட்டரைக் கட்டிவைக்கிறது. பனி கொட்டிய ஆண்டில் ஏரி நிரம்பி, போன தடவை பாய் விரித்த இடம் தண்ணீருக்குள் போயிருக்கும்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 15 டிகிரிக்குக் கீழே இருக்கும் நீரில் திடீரென்று குதித்தால் மூச்சு தன்னால் இழுத்துக்கொள்ளும். அந்த இழுப்பு தலை தண்ணீருக்குள் இருக்கும்போது வந்தால், நன்றாக நீந்தத் தெரிந்தவரும் நீரைக் குடித்துவிடுவார். பாறை மேலிருந்து பாய ஆசை இருந்தால் முதலில் நடந்து இறங்கி உடம்பைப் பழக்குங்கள். வெயிலும் அப்படித்தான்: ஆயிரம் மீட்டர் ஏற ஏறப் புறஊதாக் கதிர் பத்து சதவீதத்துக்குக் குறையாமல் கூடுகிறது, காற்று குளுகுளுவென்று இருப்பதால் தோல் கருகுவது தெரியாது.

மூன்று வாரம் கழித்து அத்தையைக் கிங்ஸ் பீச்சுக்கு அழைத்துப் போனோம். காலை எட்டு மணிக்குள் போனதால் வண்டி நிறுத்த இடம் கிடைத்தது. இடுப்பளவு நீரில் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். "இப்ப சரி, ஆனா காலுக்குக் கீழதான் கொஞ்சம் சில்லுன்னு இருக்கு" என்றார்.