கருப்பையின் வாயா, கழுத்தா?

எம்.ஆர்.ஐ. அறிக்கையைத் தமிழாக்குபவர்களிடம், கருப்பையின் குறுகலான கீழ்ப்பகுதியான 'செர்விக்ஸ்' படும் பாடு கொஞ்சமல்ல. அங்கே வரும் புற்றுநோயை ஒருவர் 'கர்ப்பப்பைப் புற்றுநோய்' என்று எழுதி, கருப்பையின் உட்சவ்வில் வரும் வேறொரு நோயோடு இதைக் கலந்துவிடுகிறார். கணினி மொழிபெயர்ப்போ 'கழுத்துப் புற்றுநோய்' என்று தொண்டைப் பக்கம் தள்ளிவிடுகிறது. இவை பளிச்சென்று தெரியும் பிழைகள், யாராவது திருத்திவிடுவார்கள். யாரும் தொடாமல் விடும் பிழை, செர்விக்ஸைக் 'கருப்பை வாய்' என்பது.

லத்தீனில் செர்விக்ஸ் என்றால் கழுத்து. கழுத்தெலும்புத் தேய்மானத்தைச் 'செர்விகல்' என்பதும் அதனால்தான். வேர்க்கதை அவ்வளவே.

பரிசோதிக்கும் மருத்துவரின் கண்ணில் படுவது திறப்புதானே என்பது 'வாய்' கட்சியின் வாதம். எம்.ஆர்.ஐ. கீழிருந்து எட்டிப் பார்ப்பதில்லையே! நெடுக்குவெட்டுப் படத்தில் தெரிவது ஏறக்குறைய 3 செ.மீ. நீளமுள்ள ஒரு குழல். மேலே கருப்பைப் பக்கம் ஒரு திறப்பு, கீழே யோனிப் பக்கம் இன்னொன்று. இவற்றின் லத்தீன் பெயர் 'ஆஸ்', அதாவது வாய். குழல் முழுவதையும் வாய் என்றுவிட்டால் இவற்றை என்னவென்று அழைப்பது? 'கருப்பை வாயின் உள்வாய்' என்றா?

இது வெறும் சொற்சண்டை அல்ல. பிள்ளை பெற விரும்பும் பெண்ணுக்குக் கட்டி சிறியதாக, 2 செ.மீ.க்குள் இருந்தால், கருப்பையை வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் அகற்ற வழியுண்டா என்று ஆராய்வார்கள். கட்டிக்கும் உள்வாய்க்கும், அதாவது மேல் திறப்புக்கும், உள்ள இடைவெளியை எம்.ஆர்.ஐ.யில் அளந்துதான் அதை முடிவு செய்ய வேண்டும். 'ட்ரக்கிலெக்டமி' என்ற அந்த அறுவையின் பெயரிலும் இருப்பது கிரேக்கத்தின் கழுத்துதான்.

கழுத்து என்றால் மக்கள் குழம்புவார்களாம். குடத்துக்குக் கழுத்தும் உண்டு, வாயும் உண்டு. தண்ணீர் மொள்ளப் போன எவரும் குழம்பியதில்லை. தடுப்பூசி விளம்பரத்தில் வேண்டுமானால் 'கருப்பை வாய்' இருந்துவிட்டுப் போகட்டும். அங்கே யாரும் சென்டிமீட்டர் அளக்கப் போவதில்லை. அறிக்கையில் 'கருப்பைக் கழுத்து'தான் வேண்டும்.

தமிழாக்குபவர்களின் சோம்பல் இதோடு நிற்பதில்லை. எம்.ஆர்.ஐ.யின் ஒரு வகையான டி2 படத்தில் கழுத்தின் சுவர் கருநிற வளையமாகத் தெரியும். வளையம் முழுதாக இருந்தால் நோய் பக்கத்துத் திசுவுக்குப் பரவவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். பரவியிருந்தால் புற்றுநோய் 2பி நிலை. நிலையைக் கணிக்க இத்தகைய படங்களையும் கொள்ளலாம் என்று மகளிர் மருத்துவர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிகோ 2018இல் ஏற்றுக்கொண்டது. இவ்வளவு முக்கியமான அந்தத் திசு தமிழில் இன்னும் 'பாராமெட்ரியம்'! 'கருப்பை அயல்திசு' என்று எழுதக் கை வலிக்கிறதா? அதைவிடக் கொடுமை, எம்.ஆர்.ஐ.யையே 'கதிர்வீச்சுப் பரிசோதனை' என்று எழுதுவது. காந்தமும் ரேடியோ அலையும் கொண்டு எடுக்கும் படத்தை எக்ஸ்ரேயோடு சேர்த்து, ஏற்கெனவே பயந்திருக்கும் நோயாளியை இன்னும் பயமுறுத்துகிறார்கள்.