துணி தொவச்ச தண்ணி தென்னைக்கு சரி, எலுமிச்சைக்கு வேண்டாமுங்க

நம்ம பக்கம் ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி மட்டும் பறக்கற ஊரு நெறைய இருக்குது, நல்ல தண்ணி எப்ப வரும்னு குடத்தோட காத்துட்டு இருக்கற தெருவும் நெறைய. அதனால வாஷிங் மெஷின் பைப்ப பொடக்காளித் தென்னைக்குத் திருப்பி விடறதும் ஆர்ஓ வேஸ்ட் தண்ணிய பக்கெட்டுல புடிக்கறதும் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடுன்னு எல்லாப் பக்கமும் சாதாரணமாயிடுச்சு, ரொம்ப நல்ல விசயம். ஆனா எல்லா மெஷின் தண்ணியையும் ஒரே குழியில கொண்டு போயி விடறதப் பாத்தா எனக்கு மனசு பதறுதுங்க. கலங்கலா இருந்தா கெட்ட தண்ணி, தெளிவா இருந்தா நல்ல தண்ணின்னு நெனச்சுக்கறோம். அழுக்க மண்ணுல இருக்கற நுண்ணுயிருங்க தின்னு தீத்துரும். உப்ப எதுவும் தின்னாது, தண்ணி ஆவியாப் போனாலும் உப்பு அங்கயேதான் கெடக்கும். அதனால எந்தத் தண்ணி எங்க போகோணும்ங்கறத உப்பு வெச்சு முடிவு பண்ணோணும்.

ஏசித் தண்ணிய மொதல்ல சொல்லிடறேன். ரூமுக்குள்ள காத்துல இருக்கற ஈரம் குளுந்த காயில் மேல படிஞ்சு சொட்டாகி கீழ எறங்குது, அவ்வளவுதான். காத்துல இருந்து வர்றதால அதுல உப்பு கிட்டத்தட்ட கெடையாது. காயில் மேல இருக்கற தூசியும் கொஞ்சம் செம்பு, அலுமினியமும் கலந்திருக்கலாம், அதனால குடிக்க ஆகாது, ஆனா தொட்டிச் செடிக்கும் நாத்துக்கும் எலுமிச்சைக்கும் இதவிட நல்ல தண்ணி மெஷின்ல இருந்து வராது. காத்துல ஈரம் அதிகமா இருந்தா 1.5 டன் ஏசி மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலயே கொடுக்கும், காத்து காஞ்சு கெடக்கற மாசத்துல கம்மியாகும். இதுல கொஞ்சம் ஒரு பாட்டில்ல எடுத்து வெய்யுங்க, கடைசியில வேலை இருக்குது.

ஆர்ஓ தண்ணி இதுக்கு நேர் எதிர். பாக்க பளிங்காட்ட இருக்கும், ஆனா உள்ள வந்த உப்பு கிட்டத்தட்ட எல்லாம் அதுலதான் சேர்ந்திருக்கும். ஆர்ஓவுக்குள்ள இருக்கற மெம்பரேன்ங்கற சவ்வு உப்ப அழிக்கறது இல்லீங்க, ஒதுக்கி ஒரு பக்கம் தள்ளுது. போர்த்தண்ணி டிடிஎஸ், அதாவது ஒரு லிட்டர்ல கரைஞ்சிருக்கற உப்பு, 1500 மில்லிகிராம்னு வெச்சுக்குங்க, 4 லிட்டர் உள்ள போனா 6000 மில்லிகிராம் உப்பு. 1 லிட்டர் நல்ல தண்ணி 100 டிடிஎஸ்ஸுல வெளிய வருதுன்னா மிச்சம் 5900 மில்லிகிராமும் அந்த 3 லிட்டர்ல, அதாவது லிட்டருக்கு சுமார் 1967. இதப் போயி தெனமும் ரோஜாவுக்கு ஊத்தினா எலை ஓரம் கருகாம என்ன பண்ணும். தரை தொடைக்க, டாய்லெட்டுல ஊத்த இந்தத் தண்ணி தாராளமா ஆகும். உப்பு கம்மியான சிறுவாணித் தண்ணி வர்ற ஊட்டுல ஆர்ஓ எதுக்குன்னே எனக்குப் புரியல, டிடிஎஸ் 500க்கு கீழ இருக்கற எடத்துல ஆர்ஓ கூடாதுன்னு தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019ல சொல்லிருச்சு.

இப்ப வாஷிங் மெஷின். இதுலதான் தண்ணி அதிகம், ஃப்ரன்ட் லோடு ஒரு தடவைக்கு சுமார் 50, 60 லிட்டர், டாப் லோடு 100ஐத் தாண்டும். சோப்புத்தூள் நுரை வர்ற பொருள் மட்டும் கெடையாது, அதுல வாஷிங் சோடாங்கற சோடியம் கார்பனேட் இருக்கும், பல தூள்ல அளவு கூட்டறதுக்கு சோடியம் சல்பேட்டும் உப்பும் இருக்கும். நம்ம போர்த்தண்ணி கடினத் தண்ணி, கால்சியம் அதிகம். கால்சியம் இருந்தா நுரை வராதுன்னு அத ஒதுக்கறதுக்குத்தான் வாஷிங் சோடா, அது கால்சியத்தப் புடிச்சு சுண்ணாம்பா மாத்திருது, கருப்புத் துணியில வெள்ளையா திட்டுத்திட்டா படியறது பாதி அதுதான். அப்ப வெளிய வர்ற தண்ணியில மண்ணுக்கு வேண்டிய கால்சியம் கொறஞ்சு போயி சோடியம் ஏறிருக்கும், போதாததுக்கு காரத்தன்மையக் காட்டற பிஎச் 9க்கு மேல. தண்ணி கடினமா இருக்க இருக்க நாம தூள அள்ளி அள்ளிப் போடறோம், சோடியம் இன்னும் ஏறுது.

மண்ணுக்கு இது என்ன பண்ணுதுன்னா, களிமண் துகள் எல்லாம் மெல்லிய தகடுங்க, அதுங்க மேல எதிர் மின்னூட்டம் இருக்குது. ரெண்டு நேர் மின்னூட்டம் உள்ள கால்சியம் நடுவுல நின்னு தகடுகள சேத்துப் புடிச்சு வெச்சிருக்கும், அதனாலதான் மண்ணு பொலபொலன்னு இருக்குது, இடுக்குல தண்ணியும் காத்தும் போகுது. சோடியத்துக்கு ஒரே மின்னூட்டம், அதையும் சுத்தி தண்ணி மூலக்கூறு ஒட்டிட்டு இருக்கும், அதால புடிச்சு வெக்க முடியாது. கால்சியம் இருந்த எடத்துல சோடியம் உக்காந்தா தகடுங்க பிரிஞ்சு மிதந்து போயி இடுக்க அடைச்சுக்கும். அப்புறம் தண்ணி ஊத்தினா மேலயே நிக்கும், காஞ்சா பொருக்குத் தட்டும், வேர் மூச்சு முட்டிப்போகும். கரிசல்ல களி அதிகம்ங்கறதால சீக்கிரம் கெடும், மணல் கலந்த செம்மண் கொஞ்சம் தாங்கும்.

இது எங்கயோ நடக்கற கதை இல்லீங்க. திருப்பூர் சாயப்பட்டறையில பருத்தியில சாயம் ஏறறதுக்கு உப்போ சோடியம் சல்பேட்டோ கொட்டோணும், அந்தத் தண்ணி நொய்யல் ஆத்துல எறங்கி, விவசாயத்துக்குன்னு 1992ல கட்டி முடிச்ச ஒரத்துப்பாளையம் அணையில சாயத்தண்ணியா தேங்கி, கீழ இருந்த நெலத்தையும் கெணத்தையும் என்ன பண்ணுச்சுன்னு சென்னிமலைப் பக்கத்துல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. 2011ல ஹைகோர்ட் சாயப்பட்டறைகள மூடச் சொன்னது வரைக்கும் போச்சு. ஊட்டு மெஷின் தண்ணி அதுல ஒரு துளிதான், ஆனா வருசக்கணக்கா ஒரே மரத்தடியில விட்டா அந்த நாலு சதுர அடிக்கு அதே கதைதான். நம்ம பக்கம் மலை மழைய மறைக்கற எடம் வேற, மழை கம்மி, சேர்ந்த உப்ப கழுவி எறக்க ஆளில்ல.

அதுக்காக விடவே வேண்டாம்னு சொல்லல. சோப்புப் போட்டு சுத்தற மொத தண்ணியிலதான் சோடியம் பெரும்பகுதி கெட்டியா இருக்கும், அத சலதாரைக்கு விட்ருங்க, அலசற தண்ணி ரெண்டையும் மரத்துக்கு விடுங்க. தூளுக்குப் பதிலா லிக்விட் போட்டா சோடியம் உப்பு பொதுவா கொறையும். தென்னை உப்பு தாங்கும், சப்போட்டா, புங்கன், அருகம்புல்லும் தாங்கும். வாழைக்குத்தான் எல்லாரும் விடறோம், அது தண்ணி நெறைய குடிக்கும்ங்கறது நெசம், ஆனா உப்பு தாங்காது, எலை ஓரம் காய ஆரம்பிச்சா நிறுத்திருங்க. எலுமிச்சை, பீன்ஸ் பக்கமே வேண்டாம். கீரை, கொத்தமல்லி மேலயும் ஊத்தக்கூடாது, உள்துணி தொவச்ச தண்ணியில கிருமி இருக்கும். மரத்தச் சுத்தி பாத்தி கட்டி தென்ன மட்டையோ சருகோ மூடாக்குப் போட்டு அதுக்கடியில விட்டா அழுக்கும் அடங்கிரும்.

பைப் விசயத்துலயும் ஒண்ணு இருக்குது. ஃப்ரன்ட் லோடு மெஷினோட வடிகால் ஹோஸ் தரையில இருந்து ரெண்டு, மூணு அடி ஒசரத்துக்குப் போயிட்டு எறங்கோணும். நேரா தரையில போட்டா மெஷின் தண்ணி புடிக்கப் புடிக்க சைஃபன் ஆகி வெளிய ஓடிட்டே இருக்கும். அந்த சின்ன பம்பு மாடி வரைக்கும் தள்ளாது, அதனால பக்கத்துல ஒரு டிரம்முல விட்டு, வாயில பழைய நைலான் துணி கட்டி பஞ்சு நூலப் புடிச்சுட்டு, டிரம் அடியில இருந்து சரிவா மரத்துக்குக் கொண்டு போங்க. டிரம்முல ஒரு நாளைக்கு மேல வெக்காதீங்க, ஆக்சிஜன் தீந்ததும் ஒருவகை பாக்டீரியா தண்ணியில இருக்கற சல்பேட்ட எடுத்து ஹைட்ரஜன் சல்பைடா மாத்தும், அழுகின முட்டை நாத்தம் அதுதான். டிஷ்வாஷர் தண்ணி செடிக்கு ஆகவே ஆகாது, உப்பே போட்டு ஓட்டற மெஷின் அது.

இப்ப அந்த ஏசித் தண்ணி. மரத்தடியில இருந்து பட்டாணி அளவு காஞ்ச மண்ணாங்கட்டி ஒண்ண எடுத்து, கண்ணாடி டம்ளர்ல ஏசித் தண்ணி ஊத்தி, கலக்காம மெதுவா உள்ள விட்டு ரெண்டு மணி நேரம் தொடாம வெய்யுங்க. கட்டி உதிர்ந்து கீழ கெடந்து தண்ணி தெளிவா இருந்தா பயமில்ல. கட்டியச் சுத்தி பாலாட்டம் கலங்கல் பரவுனா சோடியம் ஏறிருச்சுன்னு அர்த்தம். டிடிஎஸ் மீட்டருக்கு இது தெரியாது, அது சோடியத்தையும் கால்சியத்தையும் ஒண்ணாத்தான் எண்ணும். கலங்கினா கால்சியம் சல்பேட்டான ஜிப்சம் போடோணும், அதுல இருக்கற கால்சியம் சோடியத்தக் கெளப்பிவிட்டு எடத்தப் புடிச்சுக்கும். கெளம்பின சோடியம் கீழ எறங்கறதுக்கு நல்ல தண்ணி வேணும், அதனால ஐப்பசி மழைக்கு முன்னாடி மேல் மண்ணுல கொத்திக் கலந்து விடுங்க, மழை முடிஞ்சு அதே எடத்து மண்ண மறுபடி டம்ளர்ல போட்டுப் பாத்து தெளிவா நிக்கற வரைக்கும் மெஷின் பைப்ப வேற மரத்துக்கு மாத்தி வெச்சிருங்க.