வாரண்டி என்றால் பொறுப்புறுதி

ராயபுரத்தில் பழைய மிக்ஸி வாங்குகிறவர் "இதுக்கு இன்னா கேரண்டி?" என்று கேட்பார். சௌகார்பேட்டையில் ஒன்றரைக் கோடிக்கு ஸ்போர்ட்ஸ் கார் எடுத்தவர் "வண்டி இன்னும் வாரண்டிலதான் இருக்கு" என்பார். பேச்சில் வாரண்டியும் கேரண்டியும் ஒன்றுதான், பிறப்பிலும் ஒன்றுதான். சட்டத்தில் மட்டும் இரண்டும் வேறு வேறு. அது தெரியாததால்தான், புது வண்டி பாதி நாள் ஷோரூமிலேயே நின்றாலும், கேட்க வேண்டியதைக் கேட்காமல் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

இரண்டு சொல்லுக்கும் வேர், ஜெர்மானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த பிராங்கியர் பேச்சில் இருக்கிறது. காத்தல், காவல் என்பது அதன் பொருள். அது பிரெஞ்சுக்குள் நுழைந்தபோது வடக்கே நார்மண்டிப் பக்கம் 'வ' ஒலி அப்படியே நின்றது, பாரிஸ் பக்கம் அதுவே 'க' ஆனது. ஆங்கிலம் இரண்டு வடிவத்தையும் வாங்கிக்கொண்டது. வார்டன், கார்டியன் என்ற இணையும் இப்படி வந்ததுதான். போலீஸ் கொண்டுவரும் வாரண்ட்டும், வண்டியை விடும் கராஜும்கூட இந்தக் காவல் வேரிலிருந்து கிளைத்தவை என்பார்கள் சொல்லாய்வாளர்கள்.

இடைக்கால இங்கிலாந்தில் வாரண்டி என்பது நிலத்தைப் பற்றிய பேச்சு. நிலம் கொடுத்தவர், அதன்மேல் வேறு யாராவது உரிமை கோரி வந்தால் நீதிமன்றத்தில் நின்று வாங்கியவரைக் காக்க வேண்டும். வழக்குத் தோற்றால் அதே மதிப்புள்ள வேறு நிலம் தர வேண்டும். எவ்வளவு கனமான வாக்கு! அந்தக் கனம் பிறகு சரக்கு வியாபாரத்தில் குறைந்துபோனது.

நம் நாட்டில் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 12ஆம் பிரிவில், விற்பவர் தரும் வாக்கை இரண்டாகப் பிரிக்கிறது. ஒப்பந்தத்தின் அடிப்படையே ஆன வாக்கு நிபந்தனை. அது மீறப்பட்டால் சரக்கே வேண்டாம் என்று ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். அடிப்படைக்குத் துணையாக நிற்கும் வாக்குதான் வாரண்டி. அது மீறப்பட்டால் இழப்பீடு கேட்கலாம், சரக்கைத் திருப்ப முடியாது. கேரண்டி முற்றிலும் வேறு. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 126ஆம் பிரிவில், ஒருவர் கடனைக் கட்டத் தவறினால் இன்னொருவர் கட்டுவதாக ஏற்பதையே அப்படிச் சொல்கிறது. நண்பனின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறோமே, அதுதான் கேரண்டி.

தமிழில் என்ன சொல்வது? உத்தரவாதம் என்று பரவலாக எழுதுகிறோம். உத்தரம் என்றால் மறுமொழி, வாதம் என்றால் சொல். பதில் சொல்லக் கடமைப்பட்டிருத்தல் என்ற பொருளில் நல்ல சொல்தான். ஆனால் வங்கி கொடுப்பதும் உத்தரவாதம், வேட்பாளர் மேடையில் கொடுப்பதும் உத்தரவாதம் என்று அது எல்லா இடத்துக்கும் போய்விட்டது. கேரண்டிக்குப் பிணை என்ற பழந்தமிழ்ச் சொல் கச்சிதமாக இருக்கிறது, ஒருவரை இன்னொருவரின் கடனோடு பிணைப்பதால். வாரண்டிக்கு அகராதிகள் தரும் பொறுப்புறுதி என்பதையே நான் எடுப்பேன். பொறுத்தல் என்றால் சுமத்தல், தாங்குதல். பழுதின் சுமை யார் தலையில் என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது.

சரி, இது சொகுசுக் காரில் எங்கே வந்து இடிக்கிறது? கியர்பாக்ஸ் நான்காவது முறை மக்கர் செய்கிறது. "வாரண்டில மாத்தித் தர்றோம் சார்" என்கிறார் சர்வீஸ் அட்வைசர். அவர் சொல்வது வண்டியோடு தந்த வாரண்டி அட்டையின்படி சரிதான். 2006இல் மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம், பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகப் பொறுப்புறுதி சொன்னால், அதை வைத்து முழுக் காரையும் மாற்றக் கேட்க முடியாது என்றது.

ஆனால் அட்டைக்கு வெளியே இன்னொரு சொல் இருக்கிறது: குறைபாடு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதன்மேல்தான் நிற்கிறது. தரத்தில், திறனில், இருக்க வேண்டிய நிலையில் எந்தக் குறை இருந்தாலும் அது குறைபாடு. நிரூபித்தால், சரிசெய்து தரவோ, புதிதாக மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ, இழப்பீடு தரவோ நுகர்வோர் ஆணையம் உத்தரவிடலாம். பொறுப்புறுதி விற்பவர் தானாகத் தரும் வாக்கு, குறைபாட்டுக்கான பரிகாரமோ சட்டம் தருவது. அட்டையில் இல்லை என்பதால் அது இல்லாமல் போகாது.

நிரூபிப்பதுதான் பாடு. அமெரிக்காவில் ஓயாமல் பழுதாகும் வண்டியை எலுமிச்சை என்பார்கள். 1982இல் கனெக்டிகட் மாநிலம் தொடங்கி அதற்கென்றே சட்டங்கள் வந்தன. கலிஃபோர்னியாவில் 18 மாதம் அல்லது 18,000 மைலுக்குள் ஒரே பழுதை 4 முறை பார்த்தும் தீரவில்லை என்றாலோ, உயிருக்கு ஆபத்தான பழுது 2 முறையில் தீரவில்லை என்றாலோ, வண்டி மொத்தமாக 30 நாளுக்கு மேல் பட்டறையில் கிடந்தாலோ, அது எலுமிச்சைதான் என்ற அனுமானம் வாங்கியவர் பக்கம் நிற்கும். இங்கே அப்படி ஒரு கணக்கு இல்லை. அதனால் வண்டியைப் பட்டறையில் விடும்போது பழுதை எழுதித் தரும் சீட்டான ஜாப் கார்டுதான் உயிர். ஒவ்வொரு முறை வண்டியை விடும்போதும் பழுதை உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் விடாதீர்கள். தேவைப்பட்டால் ஆணையம் பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கும். தனிப்பட்ட பொறியாளர் அறிக்கையும் கைகொடுக்கும்.

வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீரில் தாழ்ந்த காரை இறக்கி என்ஜின் நீர் குடித்தால், அது பொதுவாகப் பொறுப்புறுதிக்குள் வராது. அதற்குக் காப்பீட்டில் என்ஜின் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

சௌகார்பேட்டை வியாபாரிகள் பலருக்கு ஒரு பயம் உண்டு, கம்பெனி பெயரில் வாங்கிய காருக்கு நுகர்வோர் வழக்கு நிற்குமா என்று. வணிக நோக்கத்தில் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது உண்மைதான். ஆனால் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்காக நிறுவனம் வாங்கிய மெர்சிடஸ் கார் வணிக நோக்கம் ஆகாது என்றது. உள்ளே நடுப்பகுதி தாங்க முடியாமல் சூடான வண்டி அது. காரை வாங்கிய நிறுவனமே வைத்துக்கொள்ள, 36 லட்சம் ரூபாய் திருப்பித் தரச் சொன்னது.

எங்கே போவது என்பதை நீங்கள் கொடுத்த விலை முடிவு செய்யும். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், வடசென்னைக்காரர்களுக்குச் சென்னை வடக்கு. அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். அதையும் தாண்டினால் டெல்லியில் தேசிய ஆணையம். ஷோரூம் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம், நுகர்வோர் ஆணையங்களுக்கான அரசுத் தளமான இ-ஜாக்ரிதியில் இணையவழியாகவும் கொடுக்கலாம். டீலரை மட்டும் சேர்க்காமல் உற்பத்தியாளரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள், ஏனென்றால் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் கைகாட்டுவார்கள். அப்புறம் காலக்கெடு: வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. பொறுப்புறுதி இன்னும் ஓடுகிறதே என்று அதுவரை காத்திருந்தால், தாமதத்துக்கு ஆணையம் ஏற்கும்படி காரணம் சொல்ல வேண்டிவரும்.